அது ஹரிக்கேன் இல்ல சார், ஸ்பிட்ஃபயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் அன்னைக்கு ஜப்பான் விமானங்க கொழும்பு மேல குண்டு போட்டதப் பத்தி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீங்க. காபி ஆறுறதுக்குள்ள ரெண்டு தடவ படிச்சிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் கேட்டலினா விமானத்துல கடல் மேல சுத்திக்கிட்டிருந்த கனடாக்காரர் பர்ச்சல், ஜப்பான் கப்பல் படையப் பாத்துட்டு வயர்லெஸ்ல சேதி அனுப்பினது, அனுப்பிட்டிருக்கும்போதே அவர சுட்டு கடல்ல இறக்கினது, மறுநாள் ரத்மலானா விமான தளம், துறைமுகம்னு எல்லாத்தையும் கண்ணு முன்னாடி கொண்டுவந்துட்டாங்க. எழுதினவங்களுக்கு என் மனமார்ந்த பாராட்டு.

ஆனா நடுவுல பெருசா ஒரு போட்டோ போட்டு "கொழும்பைக் காத்த ஹரிக்கேன் விமானம்"னு கீழ எழுதியிருந்தீங்க பாருங்க, அது ஹரிக்கேன் இல்ல சார், ஸ்பிட்ஃபயர். ரெண்டுமே பிரிட்டிஷ்காரங்களோட சண்டை விமானம், ஆனா வேற வேற. அன்னைக்கு சிலோன்ல இருந்த ஃபைட்டருங்க ஹரிக்கேனும் கப்பல் படையோட ஃபல்மாரும்தான், ஸ்பிட்ஃபயர் ஒண்ணுகூட கிடையாது, நம்ம பக்கத்துல சண்டைக்குன்னு ஸ்பிட்ஃபயர் வந்து சேந்ததே 1943 கடைசியிலதான். அதனால இத வெறும் பேர் மாத்தம்னு விட்டுட முடியல, அன்னைக்கு அங்க இல்லாத ஒண்ண அங்க கொண்டுவந்து நிறுத்தின மாதிரி ஆயிடுச்சு.

எப்படி அவ்வளவு உறுதியா சொல்றேன்னு கேப்பீங்க. நீங்க போட்ட படம் கீழ இருந்து எடுத்தது, விமானம் லேசா சாஞ்சு திரும்புது, வயித்துப் பக்கம் நல்லா தெரியுது. இறக்கையப் பாருங்க, புன்னை இலை மாதிரி முன் விளிம்பும் பின் விளிம்பும் வளைஞ்சு வளைஞ்சு போய் நுனியில ஒண்ணு சேருது. ஹரிக்கேன் இறக்கை அப்படி இருக்காது, தடியா இருக்கும், விளிம்பு நேரா வந்து நுனி மட்டும் உருண்டிருக்கும். இது போதலைன்னா ரேடியேட்டரப் பாருங்க. ஹரிக்கேனுக்கு அது வயித்துக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணா தொங்கும். ஆரம்ப கால ஸ்பிட்ஃபயருக்கு வலது இறக்கைக்கு அடியில ஒரு நீளப் பெட்டி, இடது இறக்கைக்கு அடியில சின்னதா ஆயில் கூலர், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. உங்க படத்துல ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசுன்னு தெளிவா தெரியுது. படத்துல சக்கரம் உள்ள போயிருக்கு, வெளிய இருந்திருந்தா இன்னும் சுலபம், ஹரிக்கேன் கால் உள்பக்கமா மடங்கும், ஸ்பிட்ஃபயர் கால் வெளிப்பக்கமா மடங்கும், அதனாலதான் தரையில நிக்கும்போது ஹரிக்கேன் கால அகட்டி நிக்கும், ஸ்பிட்ஃபயர் கால ஒடுக்கி நிக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சது எங்க தாத்தாவோட ஒரு சின்னப் புத்தகத்துல இருந்து. ஏர்கிராஃப்ட் ரெகக்னிஷன்னு பேரு, சேவில்-ஸ்னீத்னு ஒருத்தர் எழுதினது, 1941ல பெங்குவின்காரங்க போட்ட பாக்கெட் சைஸ் புக். தாத்தா அப்போ மெட்ராஸ் ஹார்பர் பக்கம் குமாஸ்தா, சாயங்காலம் ஆனா தெருவுக்கு ஏ.ஆர்.பி. வார்டன், அதாவது விமானத் தாக்குதல் பாதுகாப்புக் காவலர், யார் வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் கசியுதுன்னு பாத்து கதவத் தட்டறதுதான் வேலை. புக்க மூர் மார்க்கெட்ல பழைய புத்தகக் கடையில வாங்கினேன்னு சொல்வாரு. 1942 ஏப்ரல்ல, கொழும்புல குண்டு விழுந்த மறுநாளே விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் விழ, மெட்ராஸே காலியாச்சு இல்லையா, அப்போ பாட்டியையும் பிள்ளைங்களையும் ஊருக்கு ரயிலேத்திட்டு தாத்தா மட்டும் இந்த புக்கோட அங்கயே இருந்தாரு.

இப்போ அது என் மேஜை மேல இருக்கு. அட்டை போயிடுச்சு, தைச்ச இடத்துல நூல் வெளிய வந்துடுச்சு, ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிருது. ஆனா படங்க அப்படியே இருக்கு. கலர் கிடையாது, நிழல் போட்ட அழகும் கிடையாது, தார் பூசின மாதிரி முழுக் கருப்புல உருவம் மட்டும், கீழ இருந்து பாத்தா எப்படி, பக்கவாட்டுல எப்படி, நேரா நம்மள நோக்கி வந்தா எப்படின்னு. அதுக்கு ஓரத்துல தாத்தா பென்சில்ல தமிழ்ல குறிச்சு வச்சிருக்காரு. ஜெர்மன்காரனோட குண்டு வீசற விமானம் ஸ்டூக்கா, அதான் யூங்கர்ஸ் 87, அந்தப் பக்கத்துல "கால் மடங்காது. இறக்கை கீழ போய் மேல ஏறும்"னு ரெண்டே வரி. ஜெர்மன் ஃபைட்டர் மெஸ்ஸர்ஷ்மிட் 109 பக்கத்துல "நுனி வெட்டினது"ன்னு எழுதி, வால் இறக்கைய தாங்கற குச்சிய ஒரு வட்டம் போட்டு காட்டியிருக்காரு. 109ல ஈ மாடலுக்கு அது அப்படியே பொருந்தும், அடுத்து வந்த எஃப் மாடல்ல நுனி உருண்டையாயிடுச்சு, அந்தக் குச்சியும் போயிடுச்சு. இங்கிலீஷ்ல பத்து வரி இருக்கறத ரெண்டு வார்த்தையில பிடிச்சிருக்காரு மனுஷன்.

ஏன் முழுக்கருப்புன்னா, வெளிச்சமான வானத்த அண்ணாந்து பாக்கறவனுக்கு விமானம் கருப்பாத்தான் தெரியும், அதுல என்ன பெயின்ட் அடிச்சிருக்கு எந்த நாட்டு முத்திரை போட்டிருக்குன்னு தெரியற அளவுக்கு பக்கத்துல வந்துட்டா அப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல. முத்திரைய நம்பறதுலயும் ஆபத்து இருந்துச்சு. பிரிட்டிஷ் விமானத்து வட்டத்துக்கு நடுவுல சிவப்புப் பொட்டு, அமெரிக்க நட்சத்திரத்துக்கு நடுவுலயும் சிவப்புப் பொட்டு, ஜப்பானுக்கோ முழு வட்டமே சிவப்பு. தூரத்துல எல்லாம் ஒண்ணா தெரியுதுன்னு 1942 மே மாசம் அமெரிக்கா அந்தப் பொட்ட அழிச்சிடுச்சு, இந்தியா பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களும் சிவப்ப எடுத்துட்டு நீலமும் வெள்ளையுமா மாத்திக்கிச்சு. கலர மாத்திடலாம், உருவத்த மாத்த முடியாது, அதனாலதான் அந்த புக்கு உருவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

நம்ம ஊர்ல இது புது வித்தையும் இல்ல சார். மொட்டை மாடியில நின்னுக்கிட்டு தாத்தா எங்களுக்குக் காட்டுவாரு, மேல வட்டம் போடறதுல வால் கவட்டையா பிரிஞ்சிருந்தா கரும்பருந்து, வால் விசிறி மாதிரி உருண்டிருந்தா செம்பருந்து, பாட்டி கன்னத்துல போட்டுக்கற கருடன் அதுதான். நிறத்தப் பாக்காத, வாலப் பாருன்னுவாரு. விமானத்துக்கும் அதே கண்ணுதான். சந்தையில கூட்டத்துக்கு நடுவுல நடந்துபோற தன் மாட்ட பின்னாடி இருந்தே கண்டுபிடிக்கறவங்க இன்னைக்கும் நம்ம கிராமத்துல இருக்காங்க, அவங்கள கொம்பு எப்படி காது எப்படின்னு தனித்தனியா கேட்டா சொல்லத் தெரியாது, பாத்தா தெரியும், அவ்வளவுதான். அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி பேராசிரியர் ரென்ஷாவும் இதத்தான் கப்பல் படைக்கு சொல்லிக்கொடுத்தாரு. அதுவரைக்கும் அங்க இறக்கை, எஞ்சின், உடம்பு, வால்னு ஒவ்வொண்ணா சரிபாக்கற முறைதான், இவர் வந்து விமானப் படத்த திரையில ஒரு நொடியில நூத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, முழு உருவமா மனசுல பதிய வச்சு பேர் சொல்ல வச்சாரு. அதே 1942ல அமெரிக்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க கிட்ட 5 லட்சம் மர விமான மாடல் செஞ்சு தரச் சொல்லிக் கேட்டாங்க, 72ல ஒரு பங்கு சைஸ்ல, முழுக்கருப்பு பெயின்ட்ல. அந்த மாடல 35 அடி தூரத்துல நிறுத்திப் பாத்தா நிஜ விமானத்த அரை மைல்ல பாக்கற மாதிரி இருக்கும், 35ஐ 72ஆல பெருக்கிப் பாருங்க, கணக்கு கிட்டத்தட்ட சரியா வரும். இப்பவும் கடையில விக்கற பிளாஸ்டிக் விமான கிட் டப்பாவுல அந்த 1/72ங்கற அளவப் பாக்கலாம்.

ஒரு பேர் மாறிப் போனதுக்கு இவ்வளவு பெரிய லெட்டரான்னு உங்க ஆபீஸ்ல யாராவது நினைக்கலாம். மாறிப் போனதால என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

1939 செப்டம்பர் 6, பிரிட்டன் போர் அறிவிச்சு மூணே நாள். காலையில எதிரி விமானம் வருதுன்னு தப்பா ஒரு அலாரம், ரேடார்லயும் குழப்பம், நார்த் வீல்ட்ல இருந்து 56ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவோட ஹரிக்கேனுங்க மேல ஏறுது, ஹார்ன்சர்ச்ல இருந்து 74ஆம் ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயருங்க ஏறுது, இவங்க அவங்கள ஜெர்மன்காரன்னு நினைச்சு பாய்ஞ்சு ரெண்டு ஹரிக்கேன சுட்டுட்டாங்க. ஹல்டன்-ஹாரப்னு ஒரு இளம் பைலட் செத்துப்போனாரு. அந்தப் போர்ல உயிர் விட்ட முதல் பிரிட்டிஷ் ஃபைட்டர் பைலட் அவர்தான், அதுவும் சொந்தப் படைக்காரன் குண்டுல. ஸ்பிட்ஃபயர் முதல் முதல்ல சுட்டு வீழ்த்தினதே ஒரு ஹரிக்கேனத்தான். உங்க பக்கத்துல மாறிப்போன அதே ரெண்டு பேரு சார், அதனாலதான் எனக்கு மனசு கேக்கல. சுட்ட ரெண்டு பேரையும் ராணுவக் கோர்ட்ல நிறுத்தி, அப்புறம் குற்றமில்லைன்னு விட்டுட்டாங்க. மெஸ்ஸர்ஷ்மிட்ட அவங்க நேர்ல பாத்ததே இல்ல, வேற என்ன செய்ய முடியும்.

இதுக்கெல்லாம் பின்னாடிதான் சாதாரண ஜனங்களோட கண்ணுக்கு மதிப்பு வந்தது. அன்னைக்கு பிரிட்டன்ல ரேடார் கடல் பக்கம் பாத்துதான் நின்னுச்சு, கரையைத் தாண்டி உள்ள வந்துட்டா விமானத்த தொடர்ந்து பாக்கறது அப்சர்வர் கோர்ங்கற தொண்டர் படைதான். 1940ல சுமார் 30,000 பேர், கடைக்காரர், வாத்தியார், விவசாயினு, மேட்டுல மணல் மூட்டை அடுக்கி ஒரு போனும் பைனாகுலரும் வச்சுக்கிட்டு ராத்திரி பகலா ஷிஃப்ட் பாத்தாங்க. ஆரம்பத்துல உருவம் பாத்து பேர் சொல்றதுக்கு இவங்களுக்கே ஒழுங்கான பயிற்சி இல்ல, கில்ட்ஃபோர்ட் ஊர் அப்சர்வருங்க சேந்து தாங்களே ஒரு கிளப் ஆரம்பிச்சு படம் வச்சு பழகினாங்க, அது ஊர் ஊரா பரவிச்சு. 1941 ஏப்ரல்ல அந்தப் படைக்கு ராயல்னு பட்டமே கிடைச்சது. நான் சொல்ற புக்கு வந்ததும் அந்த வருஷம்தான், படையில இருக்கறவன் மட்டும் இல்லாம தோட்டத்துல நிக்கற பாட்டி, ஸ்கூல் பையன்னு எல்லாரும் வாங்கற மாதிரி.

படிச்சும் தப்பு நடந்துச்சு, அதையும் சொல்லணும். 1943 ஜூலை 11 ராத்திரி சிசிலியில 144 அமெரிக்க டகோட்டா விமானம் தன் பாராசூட் வீரர்கள ஏத்திக்கிட்டு வருது, கீழ நின்ன சொந்தக் கப்பலும் சொந்த பீரங்கியும் எதிரின்னு நினைச்சு சுட ஆரம்பிச்சதுல 23 விமானம் விழுந்துடுச்சு. நினைச்சுப் பாக்கவே நெஞ்சு பதறுது, குதிக்கத் தயாரா கதவுகிட்ட நின்ன பசங்க. அடுத்த வருஷம் நார்மண்டியில இறங்கும்போது அதனாலதான் நேசநாட்டு விமானங்களுக்கு இறக்கையிலயும் உடம்புலயும் மூணு வெள்ளை ரெண்டு கருப்புன்னு பட்டை பட்டையா அடிச்சாங்க. பட்டை மட்டும் போதாதுன்னு அப்சர்வருங்கள்ல இருந்தே கிட்டத்தட்ட 800 பேர் தாங்களா முன்வந்து கப்பல்ல ஏறினாங்க, துப்பாக்கிக்காரன் பக்கத்துல நின்னு சுடு, சுடாதன்னு சொல்றதுக்கு. 17 வயசுப் பையனும் இருந்தான், 60 தாண்டின பெரியவரும் இருந்தாரு. அதுல 2 பேர் திரும்பி வரல.

நம்ம பணமும் இந்தக் கதையில இருக்கு, இத நீங்க தனிக் கட்டுரையாவே போடலாம். அன்னைக்கு மெட்ராஸ் மாகாணத்துல வசூலாகிப் போன போர் நிதிக்காக பிரிட்டிஷ் விமானப்படையில 3 ஸ்குவாட்ரனுக்கு மெட்ராஸ் பிரெசிடென்சின்னு பேர் சேத்தாங்க, 79, 234, 264. 1940ல 79 ஓட்டினது ஹரிக்கேன், 234 ஓட்டினது ஸ்பிட்ஃபயர், 264 ஓட்டினது டிஃபையன்ட். இந்த டிஃபையன்ட்ட தூரத்துல பாத்தா அச்சு அசல் ஹரிக்கேன், ஆனா முன்னாடி பாத்து சுடற துப்பாக்கி ஒண்ணுகூட கிடையாது, பைலட்டுக்குப் பின்னாடி சுத்தற கூண்டுல நாலு துப்பாக்கி. 1940 மே 29 டன்கர்க் மேல ஜெர்மன்காரன் ஹரிக்கேன்னு நினைச்சு பின்னாடி இருந்து பாய, கூண்டு அவனப் பாத்து திரும்புச்சு, அன்னைக்கு ஒரே நாள்ல 37 விமானம் வீழ்த்தினதா 264 கணக்கு சொல்லிச்சு. அவ்வளவு விழலைன்னு பின்னால தெரிஞ்சது, ஆனாலும் எதிரி ஏமாந்தது நிஜம். அப்புறம் ஜெர்மன்காரனும் உருவம் பாத்து பழகிட்டான். ஜூலை 19ஆம் தேதி 141ஆம் ஸ்குவாட்ரனோட 9 டிஃபையன்ட் போனதுல 6 போயிடுச்சு, ஆகஸ்ட் கடைசியில 264ஐயும் பகல் சண்டையில இருந்து எடுக்க வேண்டியதாச்சு. கூண்டு கண்ணுல பட்டுச்சா இல்லையாங்கறதுல இருந்தது அத்தனை பேர் உயிரும்.

உங்க கிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வர ஞாயித்துக்கிழமை திருத்தம் போடுங்க, போடும்போது ஒரு வரியில "தவறுக்கு வருந்துகிறோம்"னு மூலையில போட்டு முடிச்சிடாம ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் பக்கத்துல பக்கத்துல கருப்பு உருவமா போட்டு வித்தியாசத்த காட்டுங்க, பிள்ளைங்க கத்தரிச்சு நோட்டுல ஒட்டி வச்சுக்கும். படம் தேடறவங்க கிட்டயும் சொல்லுங்க, இன்டர்நெட்ல ஹரிக்கேன்னு தேடினா ஸ்பிட்ஃபயரும் வருது, முஸ்டாங்கும் வருது, கீழ போட்டிருக்கற பேர நம்பாம உருவத்தப் பாத்து முடிவு பண்ணணும்.

வாசகருங்களுக்கும் ஒரு வேண்டுகோள், முடிஞ்சா இதையும் போடுங்க. பழைய வீட்ட இடிக்கும்போதும் பரண் காலி பண்ணும்போதும் ஏ.ஆர்.பி. கையேடு, ரேஷன் புக்கு, பிளாக்அவுட் நோட்டீஸ், இந்த மாதிரி விமானப் புத்தகம்னு எது கிடைச்சாலும் எடைக்குப் போட்டுடாதீங்க. போன மாசம் எங்க தெரு பழைய பேப்பர் கடையில தராசு மேலயே ஒரு கட்டு பாத்தேன், அதுல விமானப் படம் போட்ட பக்கம் தெரிஞ்சு கைய நீட்டறதுக்குள்ள சாக்குல போட்டு தைச்சிட்டாங்க, கெஞ்சிக் கேட்டும் பிரிக்க மாட்டேன்னுட்டாங்க. இன்னைக்கும் அது என்ன புக்குன்னு மனசுல ஓடுது.

திருத்தத்துக்கு படம் வேணும்னா தாத்தா புக்குல அந்த ரெண்டு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பறேன், பென்சில் எழுத்தோடயே போட்டுக்குங்க. ஹரிக்கேன் பக்கத்துல "முதுகு கூன்"னு எழுதியிருக்காரு, ஸ்பிட்ஃபயர் பக்கத்துல "இலை"ன்னு.

இப்படிக்கு,
உங்க நாளிதழின் நாற்பது வருஷ வாசகர்,
சென்னை